குட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பாடு? வீட்டில் ஆளுக்கொரு கணக்கு

மூன்றாம்மாடி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. போன கிழமை ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. பொமரேனியனும் ஊர் நாயும் கலந்தது, வயது ஒன்பது வாரம் என்று தந்தவர்கள் சொன்னார்கள், நிறை 2 கிலோ. பெயர் இன்னும் முடிவாகவில்லை, அது வேறு சண்டை.

இப்போதைய சண்டை சாப்பாடு. மாமி சொல்கிறார், நாய்க்கு மத்தியானம் ஒரு தரம் போட்டால் போதுமாம், ஊரில் அவர்கள் வளர்த்த நாய்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்து கிழடாகிச் செத்ததாம். என் கணவர் இணையத்தில் பார்த்துவிட்டு நாலு தரம் என்கிறார். கீழ்மாடி அன்ரி, கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போ, பசித்தால் தானே தின்னும் என்கிறார். குட்டியோ யார் குசினிக்குள் போனாலும் பின்னால் ஓடி, பத்து நாள் பட்டினி மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் காலை ஏழரைக்கு வெளிக்கிட்டால் வீடு திரும்ப ஆறு மணியாகும், மாமி வீட்டில் இருப்பார். இன்னொன்று, வீட்டில் ஏற்கனவே டைகர் இருக்கிறது, மாமியின் நாய், 11 வயது, கொஞ்சம் குண்டு. அதற்கும் குட்டிக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாடு போடலாமா? நாலு தரம் என்றால் எத்தனை மாதம் வரை நாலு, எப்போது குறைப்பது, எந்த நேரங்கள்? 2022க்குப் பிறகு பக்கெட் டோக் ஃபூட் விற்கிற விலைக்கு முழுக்க அதையே போடவும் பயமாக இருக்கிறது, சோறு கலக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

---

தெஹிவளை_குட்டிக்கூட்டம் பதில்:

தங்கச்சி, ஒன்பது வாரத்துக்கு நாலு தரம். இதில் மாமியோடு சமாதானம் பேச இடமில்லை, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

நான் தெருவில் விடப்பட்ட குட்டிகளை எடுத்து, ஊசி போட்டு, வீடு தேடிக் கொடுக்கிற ஆள், அதனால் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு வயதில் ஒரு குட்டி இருக்கும். இந்த வயதில் வயிறு சின்னது, தேவையோ பெரியது. கிலோ கணக்கில் பார்த்தால் வளர்ந்த நாயைப்போல இரண்டு மடங்கு வரை சக்தி வேண்டும், அதை ஒரே தரம் தின்று சேமித்து வைக்க அதன் ஈரலில் இடமில்லை. அதிலும் உங்களுடையது பொமரேனியன் கலப்பு. சின்ன ரகக் குட்டிகளுக்கு நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். குட்டி சோர்ந்து, தள்ளாடி, நடுங்கி, சில நேரம் வலிப்பு வந்து விழும். அப்படிக் கண்டால் முரசில் கொஞ்சம் தேனோ சீனிப்பாகோ தடவிவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். மயங்கிக் கிடக்கிற குட்டியின் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், சுவாசத்துக்குள் போய்விடும், தடவுவது மட்டும்தான்.

பொதுவாக மூன்று மாதம் வரை நாலு தரம், மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மூன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு காலையும் இரவும் இரண்டு. உங்கள் குட்டி சின்ன ரகம் என்பதால் நான் நாலு மாதம் வரை நாலை நிறுத்த மாட்டேன். ஆனால் பிறந்தநாள் பார்த்து மாற்றத் தேவையில்லை, குட்டியே காட்டித்தரும். ஒரு கட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டை மோந்துவிட்டுப் போகும், அல்லது பாதி மிச்சம் வைக்கும், மற்ற நேரம் நன்றாகத் தின்று விளையாடும், அப்போது அந்த ஒரு நேரத்தை எடுத்துவிடலாம். எடுக்கும்போது அந்தப் பங்கை வீசிவிடாமல் மற்ற நேரங்களுக்குப் பிரித்துப் போடுங்கள், நிறையப் பேர் இதை மறந்து குட்டியை மெலிய விடுகிறார்கள். குறைவது தரம்தான், அளவு இல்லை.

நேரம்: காலை ஆறரை, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஐந்து, இரவு ஒன்பதரை. நடு இரண்டும் மாமியின் கையில். மூன்றாம் மாடியில் இருக்கிற உங்களுக்கு இந்த நேர ஒழுங்கில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. சாப்பிட்டு பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் குட்டி கக்கா இருக்கும். சாப்பாட்டு நேரம் தெரிந்தால் அந்த நேரமும் தெரியும், தூக்கிக்கொண்டு பல்கனியில் பேப்பர் விரித்த மூலைக்குப் போகலாம். கிண்ணத்தை நிரப்பி வைத்தால் அது நினைத்த நேரம் தின்று நினைத்த இடத்தில் இருக்கும், பிறகு கீழ்மாடி அன்ரியா வந்து துடைப்பார்? ஊசிகள் முடியும் வரை தெருவில் இறக்க வேண்டாம், பார்வோ என்கிற இரத்த வயிற்றோட்ட நோயின் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் கிடக்கும். கடைசிக் குட்டி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோதான் வரும், அதுவரை பல்கனிதான் உலகம்.

கிண்ணம் நிரப்பி வைப்பதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு முக்கியமான காரணம் அது இல்லை. பார்வோவோ வேறு நோயோ வந்தால் முதலில் நிற்பது சாப்பாடு. நேரத்துக்குப் போட்டால், காலையில் தின்னவில்லை என்பது ஆறே முக்காலுக்குத் தெரிந்துவிடும். கிண்ணம் எப்போதும் நிறைந்து இருந்தால், குட்டி எப்போது தின்பதை நிறுத்தியது என்று ஒருவருக்கும் தெரியாது, அடுத்த நாள் இரத்தமாகப் போன பிறகுதான் விளங்கும். இந்த வயதில் ஒரு நாள் என்பது பெரிய நாள்.

அப்புறம் கொழும்பின் புழுக்கம். நனைத்த சாப்பாடு கொஞ்ச நேரத்தில் புளிக்கும், காய்ந்தது நமுத்துப்போகும், எறும்பு வரும், கரப்பான் வரும், பல்கனியில் வைத்தால் காகம் வரும். 20 நிமிடம் வையுங்கள், மிச்சத்தை எடுங்கள். எறும்புக்கு, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைத்தால் போதும். குடிக்கிற தண்ணீர் மட்டும் நாள் முழுக்க இருக்க வேண்டும்.

வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிகிற குட்டி என்றால் எத்தனை தரம் போட்டும் வேலையில்லை, அது வயிற்றுப் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா?

---

கொட்டாஞ்சேனை_ஷெப்பர்ட் பதில்:

குட்டிக்கு நாலு தரம் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாமியை எல்லோரும் சேர்ந்து மடக்க வேண்டாம். வளர்ந்த நாய்க்கு ஒரு தரம் போதும். என்னுடைய ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஐந்து வயது, கடை பூட்டிவிட்டு வந்து இரவு ஒன்பது மணிக்கு ஒரே தரம் நிறையப் போடுவேன், மற்ற நேரம் தண்ணீர் மட்டும். குதிரை மாதிரி நிற்கிறான்.

இது என் சொந்தக் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் டோக் ஏஜிங் ப்ரொஜெக்ட் என்று பெரிய ஆய்வு நடக்கிறது, 2022இல் அவர்கள் வெளியிட்டதில் ஒரு நாளைக்கு ஒரு தரம் சாப்பிடுகிற நாய்களுக்கு வயிறு, பல், சிறுநீரகம், ஈரல் பிரச்சினைகள் குறைவு, மூளையும் கூர்மை என்று வந்திருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பார்த்துச் சொன்னது. ஓநாய் காட்டில் காலையும் மாலையும் மணி அடித்தா சாப்பிடுகிறது? கிடைத்த அன்று தின்னும், கிடைக்காத அன்று படுக்கும். மூன்று தரம், நாலு தரம் எல்லாம் பக்கெட் விற்கிறவன் கிளப்பிய கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

---

பேராதனை_பழையமாணவன் பதில்:

நான் மிருக வைத்தியம் படித்து இப்போது கொழும்பில் ஒரு சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறேன். தெஹிவளை அக்கா சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை, பூச்சி மருந்தை மட்டும் மறக்காதீர்கள். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தந்தவர்கள் கொடுத்தார்களா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா, அந்த ஆய்வை நானும் வாசித்தேன், நல்ல ஆய்வு. ஆனால் அது சொல்வது வேறு, நீங்கள் எடுத்துக்கொண்டது வேறு. யாரும் நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒரு தரமும் மற்றதற்கு இரண்டு தரமும் போட்டுப் பார்க்கவில்லை. நாய் வைத்திருப்பவர்கள் கேள்விப் படிவம் நிரப்பினார்கள், அதில் தெரிந்த தொடர்பு அது. நோய் வந்த நாய்க்கு நாங்களே பிரித்துப் போடச் சொல்கிறோம். சீனி வருத்தம் உள்ள நாய்க்கு 12 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இன்சுலின், கூடவே சாப்பாடு. சிறுநீரகம் கெட்ட நாய் ஒரே தரம் தின்னாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அப்போது நோய் உள்ள நாய்கள் எல்லாம் பல தரம் சாப்பிடுகிறவர்களின் பக்கத்தில்தான் போய்ச் சேரும். பல தரம் தின்றதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் பல தரம் தின்கிறதா என்று அந்தப் படிவத்திலிருந்து பிரிக்க முடியாது. இதை மட்டும் நம்பி நாயின் சாப்பாட்டு முறையை மாற்ற வேண்டாம் என்று ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள். தவிர, அது வளர்ந்த நாய்களைப் பற்றியது.

ஓநாய் விஷயம். நாய் ஓநாயிலிருந்து வந்ததுதான், ஆனால் மனிதனோடு குப்பையும் சோறும் தின்று அதன் உடம்பே மாறிவிட்டது. மாச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் என்ற நொதிக்கான மரபணு நாயில் ஓநாயைவிடப் பல பிரதிகள் கூட இருக்கிறது, 2013இல் வந்த ஆய்வு அது. காட்டு ஓநாய் எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது என்றும் ஒருதரம் யோசியுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் ஷெப்பர்ட்தான். நெஞ்சு ஆழமான பெரிய ரகங்கள், ஷெப்பர்ட், டோபர்மன், கிரேட் டேன், இவற்றுக்கு இரைப்பை காற்றால் ஊதி அப்படியே முறுக்கிக்கொள்கிற ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரே தரம் நிறையத் தின்பதும், அவசரமாக விழுங்குவதும் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது, வயது ஏற ஏற இன்னும் கூடும். நாய் சத்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. எச்சில் வழியும், வயிறு மேளம் மாதிரி இறுகும், ஒரு இடத்தில் இருக்க மாட்டாது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சத்திரசிகிச்சை செய்தால்தான் பிழைக்கும். நீங்கள் இரவு ஒன்பதுக்கு நிறையப் போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள், பதினொரு மணிக்கு இது நடந்தால் கொழும்பில் எந்த இடம் திறந்திருக்கும் என்று இப்போதே விசாரித்து நம்பரை ஃபோனில் போட்டு வையுங்கள். அதைவிட, அதே அளவை இரண்டாகப் பிரித்துக் கடைக்குப் போகும் முன் பாதியைப் போட்டால் செலவு ஒரு சதமும் கூடாது. சாப்பிட்ட கையோடு ஓடவிட வேண்டாம், ஒரு மணித்தியாலம் போகட்டும்.

ஆனால் மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சுகமான, நடுத்தர அளவுள்ள ஊர் நாய் ஒரு தரம் தின்று நன்றாகவே வாழும், அதனால் செத்துப்போகாது. இரண்டு தரம் என்று நாங்கள் சொல்வது பசி இடைவெளி நீளாமல், ஒரே தரம் அமுக்கி விழுங்காமல் இருக்கத்தான். ஊரில் ஒரு தரம் போட்ட நாய் மிச்ச நேரம் பக்கத்து வளவில் என்ன தின்றது என்று மாமி கணக்கெடுத்திருக்க மாட்டார்.

இப்போது கேள்வி கேட்ட சகோதரிக்கு. எத்தனை தரம் என்பது பாதிதான், மொத்தம் எவ்வளவு என்பது மிச்சப் பாதி. உங்கள் 2 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி வரும். குட்டிகளுக்கான டோக் ஃபூட் 100 கிராமில் அநேகமாக 350 முதல் 400 கலோரி இருக்கும், பக்கெட்டின் பின்னால் பாருங்கள். ஆக நாள் முழுக்க 90, 100 கிராம், ஒரு தரத்துக்கு 25 கிராம் போல. குசினித் தராசில் ஒரு தரம் நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு உயரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறை ஏறும்போது இந்தக் கணக்கும் ஏறும், அதனால் கிழமைக்கு ஒரு தரம் நிறுங்கள். விலா எலும்பை அழுத்தாமல் தடவினால் கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கெட்டில் அச்சடித்த அளவைவிட உங்கள் விரல் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

சோறு பற்றி. வளர்ந்து முடியும் வரை, அதாவது உங்கள் ரகத்துக்குப் பத்து, பன்னிரண்டு மாதம் வரை, குட்டிகளுக்கான உணவையே பிரதானமாக வையுங்கள். மேலதிகமாகப் போடுவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் சத்துக் கணக்கு குழம்பும். சோறும் முள்ளெடுத்த மீனும் மட்டும் தின்று வளர்கிற குட்டிக்கு கல்சியம் போதாமல் கால் வளைந்து வருவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதைக் கேள்விப்பட்டு, லாப்ரடோர், ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய ரகக் குட்டிக்குப் பாமசியில் கல்சியம் வாங்கி ஊற்றுகிறவர்களும் உண்டு, அதுவும் எலும்பைக் கெடுக்கும், மூட்டு கோணலாகும். சரியான உணவு போட்டால் மேலே ஒன்றும் வேண்டாம். காசு என்று பார்த்தால், 100 கிராம் என்பது மாதத்துக்கு 3 கிலோ. பெரிய நாயென்றால் கஷ்டம், உங்கள் குட்டிக்குச் சமாளிக்கலாம். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று 10 கிலோ வாங்கி வைக்க வேண்டாம், இந்த ஈரத்தில் திறந்த மூட்டை பூஞ்சணம் பிடிக்கும், அந்த நஞ்சு ஈரலுக்குக் கூடாது.

டைகருக்குக் குட்டியின் உணவு வேண்டவே வேண்டாம், அதில் கொழுப்பும் கலோரியும் கூட. தனித்தனி அறையில், ஒரே நேரத்தில் போட்டு, முடிந்ததும் இரண்டு கிண்ணத்தையும் எடுங்கள். டைகரின் நிறை என்ன?

---

பம்பலப்பிட்டி_ஒழுங்கை பதில்:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் ஒழுங்கையில் ஒரு தெரு நாய் வயிற்றில் குட்டியோடு நிற்கிறது, ஆட்களெல்லாம் சேர்ந்து சாப்பாடு போடுகிறோம். அதற்கு எத்தனை தரம்?

---

தெஹிவளை_குட்டிக்கூட்டம் பதில்:

மொத்தம் 63 நாள் போல சுமக்கும். முதல் ஐந்தாறு கிழமை வழக்கமாகத் தின்பது போதும், பாவம் பார்த்து அள்ளிப் போட்டால் கொழுத்துப் பிரசவம் கஷ்டமாகும். கடைசி மூன்று கிழமையில் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போய், முடிவில் ஒன்றேகால், ஒன்றரை மடங்குக்கு வரலாம். அந்த நேரம் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்பதால் ஒரே தரம் நிறையத் தின்ன முடியாது, மூன்று நாலு தரமாகக் கொஞ்சம் கொஞ்சம் போடுங்கள்.

உண்மையான பசி குட்டி போட்ட பிறகுதான். பால் கொடுக்கும்போது இரண்டு மடங்கு, குட்டி நிறைய என்றால் நாலு மடங்கு வரைகூடத் தேவை. மூன்றாம் நாலாம் கிழமைதான் உச்சம். மேலே கிண்ணம் நிறைத்து வைக்கக் கூடாது என்று சண்டை பிடித்தவள் நான், பால் கொடுக்கிற தாய்க்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. முடிந்தால் குட்டிகளுக்கான டோக் ஃபூட்டையே தாய்க்கும் போடுங்கள், அதில்தான் அந்தச் செறிவு இருக்கிறது. குட்டிகள் மூன்று, நாலு கிழமையில் தாயின் கிண்ணத்தை நக்கத் தொடங்கும், தண்ணீரில் கஞ்சி மாதிரி கரைத்து ஒரு நாளைக்கு நாலைந்து தரம் தட்டில் வைத்தால் அப்படியே பழகும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க விடாதீர்கள், கேட்டு வருகிறவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும்.

சுமக்கும்போது கல்சியம் மருந்து கொடுக்கப் போகிற ஆள் யாராவது ஒழுங்கையில் இருந்தால் நிறுத்துங்கள். பால் கொடுக்கிற நேரத்தில் உடம்பு தன் எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கப் பழகாமல் போய், தாய்க்கு வலிப்பு வரும். பால் முடிந்ததும் பிடித்துக் கருத்தடை செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறையும் இதே கேள்வியோடுதான் வருவீர்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பூச்சி மருந்து ஒரு தரம் கொடுத்திருக்கிறார்கள், அடுத்தது இந்தக் கிழமை. நாலு தரம் என்று முடிவாகிவிட்டது. மாமி முகத்தை நீட்டிக்கொண்டு ஒத்துக்கொண்டார், ஆனால் மத்தியானம் பன்னிரண்டுக்குச் சரியாகப் போடுகிறார், அதில் குறை சொல்ல முடியாது.

டைகரை நிறுத்தோம், 14 கிலோ. முன்பு ஊசி போட்ட அட்டையில் 11 என்று எழுதியிருக்கிறது. டைகருக்கு மத்தியானம் ஒரு தரம் சோறும் மீனும், பின்னேரத் தேத்தண்ணீருக்கு மாமியோடு சேர்ந்து மாரி பிஸ்கட், அவ்வளவுதான் சாப்பாடு என்று மாமி சத்தியம் செய்கிறார். பிறகு எப்படி இந்த நிறை? இன்னொன்று, சில நாள் விடியற்காலையில் மஞ்சள் நுரையாகச் சத்தி எடுக்கிறது. எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வாலாட்டும். புல் தின்பதால் வருகிறது என்று நினைத்திருந்தோம்.

---

பேராதனை_பழையமாணவன் பதில்:

மஞ்சள் நுரைக்கு அநேகமாக உங்கள் கடிகாரத்திலேயே பதில் இருக்கிறது. பின்னேரம் பிஸ்கட்டோடு முடிகிறது, அடுத்த சாப்பாடு நாளை மத்தியானம். அவ்வளவு நேரம் வெறும் வயிறு, பித்தம் மேலேறி இரைப்பையைக் கிளறும், விடியப்புறம் வெளியே வரும். பல நாய்களில் இரவு படுக்கும் முன் கொஞ்சம் போட்டாலே இது நின்றுவிடும். ஆகவே டைகருக்குக் காலை ஆறரை, பின்னேரம் ஐந்து, இரவு ஒன்பதரைக்குச் சின்னதாக ஒரு பங்கு. மூன்றும் குட்டியின் நேரங்களேதான், உங்களுக்கும் வேலை மிச்சம். மொத்த அளவு கூடக் கூடாது, இப்போது தின்பதைப் பிரிப்பதுதான்.

ஆனால் 11 வயது. அதனால் நேரத்தை மாற்றிப் பார்த்துவிட்டு விடாதீர்கள். தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடக் குடிக்கிறதா, சிறுநீர் கூடப் போகிறதா, சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குகிறதா, பல்லால் கடிக்கக் கஷ்டப்படுகிறதா என்று பாருங்கள். எப்படியும் ஒரு தரம் கொண்டுபோய் இரத்தம் சோதித்து, சிறுநீரகமும் ஈரலும் எப்படி என்று தெரிந்துகொண்டால் அதன் பிறகு எந்த உணவு, எத்தனை தரம் என்பதை நிச்சயமாகச் சொல்லலாம். சத்தியில் இரத்தம் கண்டாலோ, அடிக்கடி வந்தாலோ, சாப்பாடு நின்றாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நிறைக்கு வருவோம். கருத்தடை செய்த நாயா? செய்திருந்தால் தேவை இருபது முப்பது சதவீதம் குறைந்துவிடும், ஆனால் கிண்ணத்தில் அளவு குறையாது, அதுதான் முதல் காரணம். 11 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடக்க ஒரு நாளைக்கு 420 கலோரி போல வேண்டும், டைகரை மெலிய வைக்க அந்த அளவில்தான் நிறுத்துவோம். வெந்த சோறு ஒரு கப் 200 கலோரி. மாமியின் கோப்பையில் இரண்டு கப் சோறு இருந்தால் மீன் போடும் முன்பே கணக்கு முடிந்தது. மாரி பிஸ்கட் ஒன்று 20, 25 கலோரி, இரண்டுக்கு மேல் கொடுத்தால் அன்றைய தின்பண்டப் பங்கும் போய்விட்டது. சோற்றை அரைவாசியாக்கி, அவித்த போஞ்சி, கரட், பூசணி கூட்டுங்கள், கோப்பை நிறைந்த மாதிரி இருக்கும், மாமிக்கும் மனம் ஆறும். ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ஒரு கிழமை, பத்து நாள் எடுத்துக் கலந்து கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றோட்டம் வரும். மனிதருக்கு வைத்த மீன்கறியை அலசிப் போடுவது சரிவராது, வெங்காயமும் உள்ளியும் குழம்பில் இறங்கியிருக்கும், அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

---

கொட்டாஞ்சேனை_ஷெப்பர்ட் பதில்:

தம்பி டொக்டர், ஓநாய் பற்றி என் கருத்து அப்படியேதான். ஆனால் நீங்கள் சொன்ன வயிறு முறுக்குகிற கதையை வாசித்துவிட்டு மனைவி இன்று காலையே பாதியைப் போட்டுவிட்டார், என்னிடம் கேட்கக்கூட இல்லை. அவன் அவக் அவக் என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறான், அதற்கு என்ன செய்வது? கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

---

பேராதனை_பழையமாணவன் பதில்:

உயரத்தில் வைக்க வேண்டாம் அண்ணா. பெரிய ரகங்களில் அது முறுக்கல் ஆபத்தைக் கூட்டியதாக ஆய்வு இருக்கிறது, நிலத்திலேயே வையுங்கள். கிண்ணத்தின் நடுவில் தொண்டைக்குள் போகாத அளவு பெரிய வழுவழுப்பான கல்லொன்றைக் கழுவி வைத்தால் சுற்றிச் சுற்றி நக்க வேண்டி வரும், வேகம் குறையும். மேடு பள்ளமாகச் செய்த கிண்ணங்களும் விற்கிறார்கள். அல்லது பெரிய தட்டில் பரப்பிப் போடுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

இன்னும் ஒன்று கேட்டுவிட்டு நிறுத்துகிறேன். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டால் டைகர் பல்கனிக்கு ஓடும், மாமி மாலு பணிஸ் (மீன் பணிஸ்) வாங்கி அதில் ஒரு துண்டு கொடுப்பார். பல வருடப் பழக்கம், இப்போது குட்டியும் பின்னால் ஓடப் பழகிவிட்டது. இதை எப்படி நிறுத்துவது?

---

தெஹிவளை_குட்டிக்கூட்டம் பதில்:

மாலு பணிஸுக்குள் இருக்கிற மீன் கலவையில் வெங்காயம், மிளகு, எண்ணெய் எல்லாம் இருக்கிறது, அதனால் ஒரு துண்டும் வேண்டாம், குட்டிக்கு நக்கவும் கொடுக்க வேண்டாம். ஆனால் ஓட்டத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், நடக்காது, மாமியோடு சண்டைதான் மிச்சம். பாட்டுக் கேட்கிற நேரம் எப்போதும் ஐந்து மணிப் பக்கம்தானே? அந்த நேரத்துச் சாப்பாட்டை அளந்து ஒரு டப்பாவில் போட்டு பல்கனிக் கதவுப் பக்கம் வையுங்கள். ஓட்டோ வந்தால் மாமி பணிஸைத் தான் சாப்பிடட்டும், அந்தந்த டப்பாவிலிருந்து அந்தந்த நாய்க்கு மாமி கையாலேயே போடட்டும். கொடுக்கிற ஆசை மாமிக்கு, ஓடி வந்தால் கிடைக்கும் என்கிற கணக்கு நாய்களுக்கு.

டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் குட்டியின் பங்கு டைகருக்குப் போய்விடும். அதற்காகவாவது குட்டிக்குக் கெதியாகப் பெயர் வையுங்கள்.